டஃப்னஸா, கவசமா? வார்ஹாமர் வாசகர் கேள்வி பதில்

சிறு பொம்மைப் படைகளை மேசையில் நிறுத்திப் பகடை உருட்டி ஆடும் போர் விளையாட்டான வார்ஹாமர் 40,000 ஆடுபவர்கள் அனுப்பிய கேள்விகளை இம்முறை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறோம். எல்லாமே ஓர் அணி சுடப்படும்போது எவ்வளவு தாங்கும் என்பதைப் பற்றியவை. எண்கள் 2023 ஜூனில் வந்த 10ஆம் பதிப்பின்படி தரப்பட்டுள்ளன. புதியவர்களுக்காக ஆட்ட வரிசையை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறோம். சுடுபவர் குண்டு பட்டதா என்று பகடை உருட்டுவார். பட்ட ஒவ்வொன்றுக்கும், ஆயுதத்தின் பலத்தையும் இலக்கின் டஃப்னஸையும் (உடல் உறுதி எண்) ஒப்பிட்டு, காயம் உண்டானதா என்று மறுபடி உருட்டுவார். காயமானவற்றுக்கு எதிராளி தன் கவச எண்ணை வைத்து சேவ் (காயத்தைத் தடுக்கும் வீச்சு) உருட்டுவார். 5+ என்றால் 5 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். ஆயுதத்தின் ஏபி (கவசத்தைத் துளைக்கும் எண்) அந்தக் கவச எண்ணைக் கெடுக்கும்: ஏபி -1 வந்தால் 3+ கவசம் 4+ ஆகும். சேவ் தவறியவை மட்டுமே சேதமாகிக் காயப்புள்ளியில் கழியும்.

கேள்வி: ஆர்க் பாய்ஸ் அணியில் ஒருவருக்கு டஃப்னஸ் 5, கவசம் 5+. சிஸ்டர்ஸ் ஆஃப் பேட்டில் அணியில் ஒருவருக்கு டஃப்னஸ் 3, கவசம் 3+. இருவருக்கும் காயப்புள்ளி ஒன்றுதான். "ஏபி கவசத்தைத்தான் தின்னும், டஃப்னஸைத் தொடவே தொடாது. அதனால் ஆர்க்தான் அதிக நேரம் நிற்கும்" என்று என் நண்பர் அடித்துச் சொல்கிறார். சரியா?

பதில்: பாதி சரி. ஏபி டஃப்னஸைத் தொடாது என்பது உண்மை. ஆனால் டஃப்னஸைத் தின்ன வேறொன்று இருக்கிறது: ஆயுதத்தின் பலம். உங்கள் நண்பர் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

காய விதி இதுதான். பலம் டஃப்னஸைப்போல் இரு மடங்கோ அதற்கு மேலோ இருந்தால் 2+ விழுந்தாலே காயம். இரு மடங்கை எட்டாமல் அதிகமாக மட்டும் இருந்தால் 3+. சமம் என்றால் 4+. குறைவு என்றால் 5+. பாதியோ அதற்கும் கீழோ என்றால் 6 விழ வேண்டும்.

இனி இரண்டு அணிகள்மீதும் 36 குண்டுகள் பட்டுவிட்டன என்று வைத்துக்கொள்வோம். 36 என்று எடுப்பதற்குக் காரணம், இரண்டு பகடை வீச்சையும் பெருக்கும்போது கணக்கு பெரும்பாலும் முழு எண்ணாக வரும்.

சாதாரண போல்ட்கன், பலம் 4, ஏபி 0. ஆர்க்கைக் காயப்படுத்த 5+ வேண்டும், 12 காயம் வரும். 5+ கவசம் அதில் மூன்றில் ஒரு பங்கைத் தடுக்கும். 8 ஆர்க் சாவார்கள். சிஸ்டரைக் காயப்படுத்த 3+ போதும், 24 காயம் வரும். 3+ கவசம் மூன்றில் இரண்டு பங்கைத் தடுக்கும். 8 சிஸ்டர் சாவார்கள். இம்மியளவும் வித்தியாசம் இல்லை.

அதே பலம் 4, ஆனால் ஏபி -1. ஸ்பேஸ் மரீன்களின் போல்ட் ரைஃபிள் இப்படித்தான். ஆர்க் 10, சிஸ்டர் 12. ஏபி -2 ஆக்கினால் ஆர்க் 12, சிஸ்டர் 16. உங்கள் நண்பர் பார்த்தது இந்த இடத்தை. ஆர்க்கின் 5+ கவசம் ஏற்கெனவே மெலிது, இழக்க அதிகம் இல்லை. சிஸ்டர் தன் முழுப் பாதுகாப்பையும் கவசத்தில் வைத்திருக்கிறார், அதனால் ஏபி அவரைத்தான் அதிகம் கடிக்கிறது.

அடுத்து ஹெவி போல்டர்: பலம் 5, ஏபி -1. பலம் ஒன்றே ஒன்றுதான் கூடியிருக்கிறது, ஆனால் முடிவு தலைகீழாகிறது. ஆர்க் 15, சிஸ்டர் 12. பலம் 5 ஆனதும் ஆர்க் 5+லிருந்து 4+க்கு இறங்கிவிட்டார். சிஸ்டருக்கோ பலம் 4 ஆனாலும் 5 ஆனாலும் 3+தான். சாதாரண பிளாஸ்மா, பலம் 7, ஏபி -2: ஆர்க் 24, சிஸ்டர் 20. பிளாஸ்மாவைச் சூப்பர்சார்ஜ் செய்தால் பலம் 8, ஏபி -3: ஆர்க் 24, சிஸ்டர் 25. கீழே இறங்கி லாஸ்கன்னுக்கு வந்தால், பலம் 3, ஏபி 0: ஆர்க் 8, சிஸ்டர் 6.

கடைசி எண்ணைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். லாஸ்கன்னும் போல்ட்கன்னும் ஆர்க்கை ஒரே அளவில்தான் கொல்கின்றன. டஃப்னஸ் 5க்கு எதிரே 3, 4 இரண்டும் "குறைவு" என்ற ஒரே பெட்டியில் விழுகின்றன. டஃப்னஸ் படிப்படியாக வேலை செய்கிறது. சில பலங்களுக்கு எதிரே ஒரு படி முழுசாகக் கிடைக்கும், சில பலங்களுக்கு எதிரே ஒன்றுமே கிடைக்காது. கவசம் அப்படியில்லை. ஏபி ஒன்று கூடினால் பகடையில் ஒரு முகம் போகும், ஒவ்வொரு முறையும்.

ஆக, உங்கள் நண்பரிடம் திருப்பிக் கேட்க வேண்டியது: எதிரே எந்த ஆயுதம்? பலம் 4 ஆயுதங்களில் ஏபி இருந்தால் ஆர்க் நிற்பார். பலம் 5, 6, 7 என்று போனாலோ, பலம் 3க்கு இறங்கினாலோ சிஸ்டர் நிற்பார். அணியின் விவர அட்டையில் சிஸ்டருக்குப் போட்டிருக்கும் 6+ இன்வல்னரபிள் சேவ் (ஏபியால் கெடாத சேவ்) இந்தக் கணக்கு எதிலும் வரவில்லை. ஏபி -4 வந்து கவசம் முழுசாகப் போன பிறகுதான் அதற்கு வேலை.

கேள்வி: கவசத்தில் ஒரு படி, டஃப்னஸில் ஒரு படி. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் எதை எடுப்பது? பொதுவான விதி ஏதும் உண்டா?

பதில்: உண்டு. இரண்டும் ஒரே ஆறுமுகப் பகடைதான் என்பதால் இரண்டின் மதிப்பும் ஒரே அளவில் ஏறுகிறது. உங்கள் கவசம் 6+லிருந்து 5+ ஆனால் இழப்பு 20 சதவீதம் குறையும். 5+லிருந்து 4+ ஆனால் 25. 4+லிருந்து 3+ ஆனால் 33. 3+லிருந்து 2+ ஆனால் 50 சதவீதம், அதாவது சரிபாதி. எதிராளியின் காய வீச்சும் அப்படியே. 2+ இருந்தது 3+ ஆனால் 20, 4+ ஆனால் அதிலிருந்து 25, 5+ ஆனால் 33, 6+ ஆனால் 50.

எந்தப் பக்கம் ஏற்கெனவே நன்றாக இருக்கிறதோ, அந்தப் பக்கம் இன்னொரு படி ஏற்றுவதுதான் லாபம். பலரும் ஓட்டையை அடைக்கிறோம் என்று மெலிந்த பக்கத்தில் சேர்க்கிறார்கள். கணக்கு அதற்கு எதிராக இருக்கிறது. ஆனால் "நன்றாக இருப்பது" அட்டையில் உள்ள எண்ணை வைத்து அல்ல, ஏபி கழித்த பிறகு. 3+ கவசத்தின்மேல் ஏபி -3 வந்தால் நீங்கள் நிற்பது 6+ல். அங்கே ஒரு படி ஏறினால் கிடைப்பது 20 சதவீதம்தான்.

இரண்டுக்கும் எல்லை உண்டு. காய வீச்சில் 6 விழுந்தால் எப்போதும் காயம். சேவ் வீச்சில் 1 விழுந்தால் எப்போதும் தோல்வி. பலம் 4க்கு எதிரே டஃப்னஸ் 8ம் 12ம் ஒன்றே.

கேள்வி: டஃப்னஸ் ஒன்று கூட்டும் திறமை என் படையில் இருக்கிறது. சில ஆட்டங்களில் பிரமாதமாக உதவுகிறது, சிலவற்றில் ஒன்றுமே நடக்கவில்லை. எப்போது உதவும் என்று ஆட்டத்தின் நடுவே சட்டெனக் கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: உங்கள் தற்போதைய டஃப்னஸ் எண்ணை எடுங்கள். அந்த எண், அதற்கு அடுத்த எண், அதன் இரு மடங்கு, இரு மடங்குடன் ஒன்று. இந்த நான்கு பலங்களுக்கு எதிரே மட்டும் பயன் கிடைக்கும். கூட்டிய பிறகு வரும் டஃப்னஸ் இரட்டைப்படை என்றால், அதன் பாதிக்குச் சமமான பலத்துக்கு எதிரேயும் கிடைக்கும். வேறு எதற்கும் கிடைக்காது.

4லிருந்து 5 ஆகிறது என்றால்: 4, 5, 8, 9. போல்ட்கன், ஹெவி போல்டர், சூப்பர்சார்ஜ் பிளாஸ்மா, மெல்டா, ஆட்டோகேனன், க்ராக் ஏவுகணை எல்லாம் இதில் வந்துவிடும். அதனால்தான் 4லிருந்து 5 அத்தனை மதிப்புள்ளது. லாஸ்கன் 3, சாதாரண பிளாஸ்மா 7, லாஸ்கேனன் 12 ஆகியவற்றுக்கு எதிரே மாற்றமே இல்லை.

5லிருந்து 6 என்றால்: 5, 6, 10, 11, கூடவே 3. போல்ட்கன் இந்த வரிசையில் இல்லை. எதிராளி முழுக்க போல்ட்கன் வைத்திருக்கும் ஸ்பேஸ் மரீன் அணி என்றால் அந்தத் திறமைக்காகக் கமாண்ட் பாயிண்டைச் (திறமைகளுக்குச் செலவிடும் புள்ளி) செலவழிக்காதீர்கள்.

9லிருந்து 10 என்றால்: 9, 10, கூடவே 5 (18, 19 மேசையில் அரிது). மெல்டாவும் ஆட்டோகேனனும் க்ராக்கும் பலம் 9 என்பதால், டஃப்னஸ் 9 உள்ள ரைனோ வண்டி அவற்றுக்கு 4+ல் காயமாகும், டஃப்னஸ் 10 உள்ள பிரெடேட்டர் டாங்கி 5+ல்தான் ஆகும். ஹெவி போல்டர்கூட ரைனோவை 5+ல் காயப்படுத்தும், பிரெடேட்டரை 6ல்தான்.

ஆட்டம் தொடங்கும் முன் எதிராளியின் அட்டைகளைக் கேட்டு வாங்கி, அவருடைய ஆயுதங்களின் பலங்களை ஒரு துண்டுத்தாளில் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். அட்டையைக் காட்டக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

கேள்வி: எட்டு லாஸ்கேனன் சுட்டும் லேண்ட் ரெய்டர் கவச வண்டி நகர்ந்துகொண்டே இருக்கிறது. அதே எட்டுக்கு லெமன் ரஸ் டாங்கி கிட்டத்தட்ட முடிந்துவிடுகிறது. இரண்டுக்கும் கவசம் 2+தானே? டஃப்னஸ் ஒன்றுதானே வித்தியாசம்?

பதில்: அந்த ஒன்றுதான் லாஸ்கேனனின் வாசலில் நிற்கிறது. லாஸ்கேனன் பலம் 12, ஏபி -3, சேதம் டி6+1 (ஒரு பகடை எண்ணுடன் ஒன்று), அதாவது சராசரி 4.5. லெமன் ரஸ்ஸின் டஃப்னஸ் 11, எனவே காயத்துக்கு 3+ போதும். லேண்ட் ரெய்டரின் டஃப்னஸ் 12, எனவே 4+ வேண்டும். கவசம் இரண்டுக்கும் ஏபி போக 5+ல் நிற்கும். பட்ட ஒவ்வொரு குண்டுக்கும் ரஸ் சராசரியாக 2 புள்ளி இழக்கும், லேண்ட் ரெய்டர் 1.5 புள்ளி.

இதோடு காயப்புள்ளியும் வேறு: ரஸ்ஸுக்கு 13, லேண்ட் ரெய்டருக்கு 16. ரஸ் விழ ஆறு ஏழு குண்டு பட வேண்டும், லேண்ட் ரெய்டர் விழப் பத்துப் பதினொன்று. உங்கள் எட்டு லாஸ்கேனனும் 3+ல் சுட்டால் ஐந்துக்குச் சற்று மேல் படும். ரஸ்ஸில் 10 அல்லது 11 புள்ளி போயிருக்கும், லேண்ட் ரெய்டரில் 8. நீங்கள் மேசையில் பார்த்தது அப்படியே கணக்குதான்.

மல்டி-மெல்டாவை லேண்ட் ரெய்டருக்கு ஒதுக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பலம் 9க்கு டஃப்னஸ் 12ஐக் காயப்படுத்த 5+ வேண்டும். ஏபி -4 கவசத்தை 6+க்குத் தள்ளிவிடும். 9 அங்குலத்துக்குள் போய்ச் சுட்டால் சேதம் இரண்டு கூடி, பட்ட குண்டுக்கு 1.5 புள்ளி வரும். லாஸ்கேனனும் அதே அளவுதான். 9 அங்குலத்துக்கு வெளியே நின்றால் ஒரு புள்ளிக்கும் சற்றுக் குறைவு. மெல்டாவின் உண்மையான இரை டஃப்னஸ் 9 வண்டிகள். ரைனோவின்மேல் அருகில் நின்று சுட்டால் குண்டுக்கு 2.75 வரும், லாஸ்கேனனுக்கு 2.5 வரும். டஃப்னஸ் 10 பிரெடேட்டரிடம் மெல்டா 1.8க்கு இறங்கிவிடும், லாஸ்கேனன் 2.5லேயே நிற்கும். ஆகவே மெல்டாவை ரைனோவுக்கும், லாஸ்கேனனைப் பிரெடேட்டருக்கும் ரஸ்ஸுக்கும் கொடுங்கள். லேண்ட் ரெய்டரை ஒரே சுற்றில் வீழ்த்த 3+ல் சுடும் பதினாறு லாஸ்கேனன் வேண்டும். அவ்வளவு இல்லையென்றால் அதைச் சுடாமல் அதற்குள்ளிருந்து இறங்குபவர்களுக்காகக் காத்திருப்பது நல்லது.

கேள்வி: ஸ்பேஸ் மரீன்களில் டெர்மினேட்டரா, கிராவிஸ் கவசக்காரர்களா? ஒருவர் டஃப்னஸ் 5, கவசம் 2+, இன்வல்னரபிள் 4+. மற்றவர் டஃப்னஸ் 6, கவசம் 3+. இருவருக்கும் மூன்று காயப்புள்ளி.

பதில்: தாக்குப்பிடிப்பதில் டெர்மினேட்டர்தான் மேல், ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. போல்ட் ரைஃபிளின் 18 குண்டு பட்டால் டெர்மினேட்டருக்கு 2 சேவ் தவறும், கிராவிஸுக்கு 3. ஹெவி போல்டரில் இருவரும் சரிசமம்: ஆறு குண்டுக்கு ஒன்று. பலம் 5, ஏபி -2 என்ற ஆயுதம் வந்தால் கிராவிஸ் இழையளவு முந்துவார். பலம் 6, ஏபி -2க்கு மறுபடி சமம்.

ஏபி -3 வந்ததும் இடைவெளி திறந்துகொள்கிறது. டெர்மினேட்டரின் 2+ கவசம் 5+ ஆகிவிடும், ஆனால் அவர் 4+ இன்வல்னரபிளை எடுத்துக்கொள்ளலாம். கிராவிஸுக்கு 6+ மட்டுமே மிச்சம். சூப்பர்சார்ஜ் பிளாஸ்மாவின் 9 குண்டுக்கு டெர்மினேட்டர் 3 தவறவிடுவார், கிராவிஸ் 5. இருவருக்கும் காயப்புள்ளி 3, பிளாஸ்மாவின் சேதம் 2 என்பதால் ஒருவரைக் கொல்ல இரண்டு சேவ் தவற வேண்டும். முதல் குண்டு 2 புள்ளி எடுக்கும், இரண்டாவதில் ஒரு புள்ளி வீணாகும். மூன்று காயப்புள்ளியின் பெருமை இதுதான்: சேதம் 2 ஆயுதங்களுக்கு எதிரே அது நான்குபோல் நடந்துகொள்ளும். சேதம் 3 உள்ள ஆட்டோகேனன் வந்தால் அந்தப் பெருமை அங்கேயே முடிந்தது, ஒரு சேவ் தவறினால் ஓர் ஆள்.

ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பத் தப்பாக ஆடுகிறார்கள்: இன்வல்னரபிள் கவசத்தோடு சேர்ந்து இரண்டாவது சேவாக வராது. இரண்டில் ஒன்றைத்தான் உருட்ட முடியும். டெர்மினேட்டரைப் பொறுத்தவரை ஏபி -2 வரை கவசமே போதும், அங்கே இரண்டும் 4+தான். ஏபி -3லிருந்துதான் இன்வல்னரபிளுக்கு வேலை.

கிராவிஸ் கவசம் அணிந்த ஹெவி இன்டர்செசர் ஒருவரின் பாயிண்ட் (படையில் சேர்க்க ஆகும் விலை) டெர்மினேட்டரைவிடக் குறைவு. ஆகவே ஓர் ஆளை ஓர் ஆளோடு ஒப்பிடாமல், ஒருவரைக் கொல்லச் சராசரியாக எத்தனை குண்டு பட வேண்டும் என்று பார்த்து, அதை அவருடைய பாயிண்டால் வகுத்து ஒப்பிடுங்கள். பாயிண்டுகள் அவ்வப்போது மாறும். ஆடும் நாளில் நடப்பில் உள்ள பாயிண்ட் பட்டியலான மியூனிட்டோரம் ஃபீல்ட் மேனுவலைப் பாருங்கள்.

கேள்வி: இடிபாடுகளுக்குப் பின்னால் நிறுத்தியும் என் மரீன்களுக்குக் கவர் (மறைவுச் சலுகை) கிடைக்காது என்கிறார் எதிராளி. ஏமாற்றுகிறாரா?

பதில்: லாஸ்கன், போல்ட்கன் போன்ற ஏபி 0 ஆயுதத்தால் சுட்டிருந்தால் அவர் சொல்வது சரி. கவர் சேவ் வீச்சுக்கு +1 தரும், ஆனால் கவசம் 3+ அல்லது அதைவிட நல்லதாக இருப்பவர்களுக்கு ஏபி 0க்கு எதிரே கிடையாது. ஏபி -1 என்றால் உண்டு.

முதல் கேள்வியின் ஆர்க்கையும் சிஸ்டரையும் இடிபாட்டுக்குள் கொண்டுபோனால் இது எவ்வளவு பெரிது என்று தெரியும். 36 போல்ட்கன் குண்டுக்கு வெளியில் இருவரும் 8 பேரை இழந்தார்கள். உள்ளே ஆர்க் 6 பேரை இழப்பார், சிஸ்டர் அதே 8. போல்ட் ரைஃபிளுக்கு எதிரே இருவருக்கும் 8. மெலிந்த கவசக்காரர்களை முதலில் கவருக்குள் தள்ளுங்கள். ஒன்றுக்கு மேல் சலுகை சேர்ந்தாலும் சேவ் வீச்சில் மொத்தக் கூட்டல் +1ஐத் தாண்டாது. ஆனால் எதிராளியின் ஏபி எண்ணையே ஒன்று குறைக்கும் திறமைகள் இந்த வரம்புக்குள் வராது. ஸ்பேஸ் மரீன்களின் கிளாடியஸ் டாஸ்க் ஃபோர்ஸ் என்ற படை அமைப்பில் உள்ள ஆர்மர் ஆஃப் கன்டெம்ப்ட் அப்படிப்பட்டது. கவரோடு சேர்த்தே அதைப் பயன்படுத்தலாம்.

கேள்வி: டஃப்னஸ் 12 உள்ள லேண்ட் ரெய்டரை லாஸ்கன் சுரண்டுகிறது! இது எப்படி?

பதில்: அநேகமாக அந்த அணிக்கு லீத்தல் ஹிட்ஸ் இருந்திருக்கும். பட்டதா என்று உருட்டும்போது 6 விழுந்தால் காய வீச்சே இல்லாமல் நேராகக் காயமாகிவிடும். டஃப்னஸ் எவ்வளவு இருந்தாலும் யாரும் அதைக் கேட்பதில்லை. 4+ல் 36 முறை சுட்டால் 18 படும். சாதாரணமாக அதில் 3 காயம். லீத்தல் ஹிட்ஸ் இருந்தால் 6 விழுந்த ஆறும் காயம், மீதிப் பன்னிரண்டில் 2, ஆக 8. ஆனால் கவசம் அப்படியே நிற்கிறது. 2+ சேவ் எட்டில் ஒன்றிரண்டைத்தான் விடும். அதனால் லேண்ட் ரெய்டருக்குப் பயம் வேண்டாம். அதே திறமை டஃப்னஸை மட்டும் நம்பி மெலிந்த கவசத்தோடு நிற்கும் பெரிய மிருகங்களைத்தான் கரைக்கும்.

ஆன்ட்டி என்று தொடங்கும் திறமைகளும் டஃப்னஸைத்தான் தாண்டுகின்றன. ஆன்ட்டி-இன்ஃபன்ட்ரி 3+ என்றால், காலாட்படை என்ற குறிச்சொல் உள்ள எவரையும் பலம் என்னவானாலும் 3+ல் காயப்படுத்தும். டெவஸ்டேட்டிங் வூண்ட்ஸ் கவசத்தைத் தாண்டுவது: காய வீச்சில் 6 விழுந்தால் கவசமும் இன்வல்னரபிளும் உருட்ட முடியாது. இவை இரண்டும் ஒரே ஆயுதத்தில் சேர்ந்தால் கவனமாக இருங்கள். ஆன்ட்டி 4+ உள்ள ஆயுதத்துக்கு 4 விழுந்தாலே அது 6 விழுந்ததாகக் கணக்கு, அதாவது 4+ விழும் ஒவ்வொரு குண்டும் சேவ் இல்லாத குண்டு. மார்ட்டல் வூண்ட் என்ற நேரடிச் சேதம் டஃப்னஸ், கவசம் இரண்டையும் தாண்டும்.

கேள்வி: 3+ கவசத்தை 2+ ஆக்குவதா, 5+ ஃபீல் நோ பெயின் (சேவ் தவறிய பிறகும் இழக்கும் காயப்புள்ளியைக் காக்க உருட்டும் வீச்சு) எடுப்பதா?

பதில்: ஏபி 0 மட்டும் வரும் என்றால் 2+ கவசம்: இழப்பு சரிபாதி ஆகும். ஏபி -1க்கு எதிரே இரண்டும் சமம், 33 சதவீதம். ஏபி -2க்கு எதிரே அந்தக் கவசப் படி 25 சதவீதமாகவும், ஏபி -3க்கு எதிரே 20 ஆகவும் தேய்ந்துவிடும். ஃபீல் நோ பெயின் எந்த ஏபிக்கும் அசையாது. மார்ட்டல் வூண்டுக்கும் டெவஸ்டேட்டிங் வூண்டுக்கும்கூட உருட்டலாம். இன்றைய மேசையில் ஏபி -1 சர்வசாதாரணம் என்பதால் எங்கள் தேர்வு ஃபீல் நோ பெயின்.

இழக்கும் ஒவ்வொரு காயப்புள்ளிக்கும் தனித்தனியாக உருட்ட வேண்டும் என்பதை மறக்காதீர்கள். இரண்டு காயப்புள்ளி உள்ளவர்மேல் சேதம் 2 விழுந்தால் இரண்டு பகடை. அவர் சாக இரண்டுமே தவற வேண்டும், அது ஒன்பதில் நான்கு முறைதான் நடக்கும். ஒரே பகடையை உருட்டி "தவறிவிட்டது, செத்தார்" என்று எடுத்துவிடுபவர்கள் தங்கள் அணியின் பெரிய பலத்தைத் தாங்களே தூக்கி எறிகிறார்கள்.

கேள்வி: 2+ கவசத்துக்குப் பன்னிரண்டு சேவ் உருட்டி நாலு ஒன்று விழுந்தது. பகடையில் கோளாறா?

பதில்: இல்லை. பன்னிரண்டு பகடையில் நாலு அல்லது அதற்கு மேல் ஒன்று விழும் வாய்ப்பு எட்டில் ஒன்று. ஓர் ஆட்டத்தில் அவ்வளவு பெரிய சேவ் எட்டு முறை வந்தால் ஒரு தடவை இது நடக்கும் என்றே எதிர்பார்க்க வேண்டும். கைப்பற்றியே ஆக வேண்டிய இடத்தில் ஓர் அணியை நிறுத்தும்போது, சராசரிக்கு மேல் இரண்டு பேர் போனாலும் தாங்குமா என்று பார்த்து நிறுத்துங்கள்.

கேள்வி: பழைய 5ஆம் பதிப்புப் புத்தகம் வைத்திருக்கிறேன். அதில் உள்ள ஏபி எண்கள் எதுவும் நீங்கள் சொல்வதோடு பொருந்தவில்லை.

பதில்: பொருந்தாது, அது வேறு ஏற்பாடு. 1998ல் வந்த 3ஆம் பதிப்பிலிருந்து 2017 வரை ஏபி என்பது இருந்தால் முழுசு, இல்லையென்றால் ஒன்றுமில்லை என்ற கணக்கு. ஏபி 3 ஆயுதம் 3+ கவசத்தைச் சுத்தமாக நீக்கிவிடும். ஏபி 4 ஆயுதம் அதே கவசத்தைத் தொடக்கூட முடியாது. அதனால் அந்தக் காலத்து மரீன் ஹெவி போல்டரின் முன் மலைபோல் நிற்பார், பிளாஸ்மாவின் முன் கவசமே இல்லாதவர் ஆவார். டஃப்னஸும் அப்போது கடுமையானது: பலம் 4 ஆயுதத்தால் டஃப்னஸ் 8 உள்ள எதையும் காயப்படுத்தவே முடியாது. வண்டிகளுக்கு டஃப்னஸே கிடையாது. முன், பக்கம், பின் என்று தனித்தனிக் கவச மதிப்பு. லேண்ட் ரெய்டருக்கு எல்லாப் பக்கமும் 14. பலத்தோடு ஒரு பகடையைக் கூட்டி அதை எட்ட வேண்டும் என்பதால் பலம் 7 வரையிலான சாதாரண ஆயுதம் எதுவும் அதைக் கீறாது.

2017ல் 8ஆம் பதிப்பு வண்டிகளுக்கும் டஃப்னஸும் காயப்புள்ளியும் கொடுத்தது. லேண்ட் ரெய்டர் டஃப்னஸ் 8, காயப்புள்ளி 16 ஆனது. ஏபி கழித்தல் எண்ணாக மாறியது. உண்மையில் 1993ன் 2ஆம் பதிப்பிலும் கழித்தல்தான் இருந்தது, எனவே இது ஒரு வகையில் பழைய வீட்டுக்குத் திரும்பியதுதான். 10ஆம் பதிப்பில் லேண்ட் ரெய்டரின் டஃப்னஸ் 12 ஆக ஏறியது. பழைய புத்தகத்தைத் தாராளமாக ஆடலாம், ஆனால் இரண்டு பேரும் அதே பதிப்பின் விதியையும் அதே காலத்துப் படைப் புத்தகங்களையும் வைத்து ஆட வேண்டும்.

கேள்வி: வார்ஹாமரின் மாயாஜால உலக ஆட்டமான ஏஜ் ஆஃப் சிக்மாரில் டஃப்னஸ் எங்கே இருக்கிறது?

பதில்: இல்லை. அங்கே காயப்படுத்தத் தேவையான எண் ஆயுதத்திலேயே எழுதியிருக்கும், யாரைச் சுட்டாலும் அதேதான். தாங்குவது முழுக்கக் கவசமும் உயிர்ப்புள்ளியும். இரண்டாம் உலகப் போர் ஆட்டமான போல்ட் ஆக்‌ஷன் இதற்கு எதிர்ப்பக்கம்: சேவ் வீச்சு கிடையாது, சேத மதிப்பு ஒன்றுதான். அனுபவமில்லாத வீரருக்கு 3+, சாதாரண வீரருக்கு 4+, மூத்த வீரருக்கு 5+. அங்கே கவசத்தின் இடத்தைப் பயிற்சி பிடித்துக்கொள்கிறது.

கேள்வி: அணியில் சேர்ந்த தலைவருக்கு டஃப்னஸ் வேறு, கவசம் வேறு. எதை வைத்து உருட்டுவது?

பதில்: காய வீச்சுக்கு மெய்க்காவல் அணியின் டஃப்னஸ், அவர்களில் கடைசி ஆள் நிற்கும் வரை. தலைவரின் எண் அதுவரை பார்க்கப்படாது. சேவ் வீச்சு, எந்த வீரருக்கு அந்தக் காயம் ஒதுக்கப்படுகிறதோ அவருடைய கவசத்தை வைத்து. மெய்க்காவலர் இருக்கும்வரை தலைவருக்கு ஒதுக்கக் கூடாது, எதிராளியின் ஆயுதத்துக்குப் பிரிசிஷன் (தலைவரையே குறிவைக்கும் திறமை) இருந்தால் ஒழிய. அணிக்குள் ஏற்கெனவே காயப்புள்ளி இழந்த ஒருவர் இருந்தால் அடுத்ததை அவருக்குத்தான் ஒதுக்க வேண்டும். கவச எண் ஆளுக்கு ஆள் மாறும் அணி என்றால் எல்லாப் பகடையையும் ஒரே கைப்பிடியில் உருட்டாதீர்கள். ஒருவர் சாகும்வரை ஒவ்வொன்றாக உருட்டி, அதன்பின் அடுத்தவருக்குப் போங்கள்.